திரும்பத் திரும்ப வருவதே நல்ல ஸ்விங்

கோல்ஃப் கேள்வி – பதில்
(கோடியக்கரை முதல் தஞ்சை வரை, டெல்டா வாசகர்களின் கேள்விகள்)

கே: சிங்கப்பூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்தரை பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் ஆடவும் பழகினேன். இன்றைக்கு நேராகப் போகிற பந்து நாளைக்குப் புதரில் விழுகிறது. அதே ஆள், அதே மட்டை. என்னதான் ஆகிறது ஐயா?
– விடுப்பில் வந்துள்ள வாசகர், கோடியக்கரை

ப: தம்பி, மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தக் கணத்தில் பந்து கிளம்பும் திசை ஒரு டிகிரி பிசகினால் 200 மீட்டர் தாண்டும்போது மூன்றரை மீட்டர் விலகியிருக்கும். ஐந்து டிகிரி பிசகினால் 17 மீட்டர். அங்கேதான் உங்கள் புதர் இருக்கிறது.

அவ்வளவு குறுகிய நேரத்தில் எந்த மனிதனாலும் எதையும் திருத்த முடியாது. ஆகவே அசையாமல் நிற்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும். பிடி, கால் வைக்கும் அகலம், பந்து இருக்கும் இடம், தோள் பார்க்கும் திசை ஆகிய நான்கும் நேற்று போலவே இன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நான்குக்கும் திறமை வேண்டாம், கவனம் போதும். பந்து நாளுக்கு நாள் மாறுவதற்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

கே: பிடி சரியா தவறா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?
– வேதாரண்யம்

ப: வலது கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். பந்துக்கு முன் நின்று இடது கையைக் குனிந்து பாருங்கள். விரல் முட்டிகளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் கோடு வலது தோள் பக்கம் காட்ட வேண்டும். மட்டை உள்ளங்கையின் நடுவில் கிடக்கக் கூடாது, விரல்களின் அடியில் அமர வேண்டும்.

வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரல்மேல் ஏற்றி வைப்பதா, இரண்டையும் கோத்துக்கொள்வதா என்று பெரிய விவாதமே உண்டு. ஏற்றி வைக்கும் முறையைப் பரப்பியவர் ஹாரி வார்டன். கோத்துப் பிடித்தவர்கள் ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும். மூவருமே மகாவீரர்கள். உங்கள் கைக்கு எது இணங்குகிறதோ அதை எடுங்கள். எடுத்த பிறகு வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

கே: டி.வி.யில் பார்க்கும் வீரர்கள் மாதிரி அழகாகச் சுழற்ற எனக்கு வரவில்லை. என் ஸ்விங்கைப் பார்த்து நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
– பட்டுக்கோட்டை

ப: ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங்கை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். மட்டையைச் செங்குத்தாகத் தூக்கி, உச்சியில் ஒரு வளையம் போட்டு, வேறு பாதையில் இறக்குவார். எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்த வளையம் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தை. மகனின் உடம்புக்கு இயல்பாக வந்த அசைவை அவர் அழிக்காமல் வளர்த்துவிட்டார். அந்த ஸ்விங்தான் 2003-ல் அமெரிக்க ஓப்பனை வென்றது. 2016-ல் பி.ஜி.ஏ. சுற்றின் வரலாற்றில் முதன்முறையாக ஒரே சுற்றை 58 அடிகளில் முடித்ததும் அதுதான்.

மேலே போகும்போது மட்டை எப்படி வேண்டுமானாலும் போகட்டும். பந்தைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. சேர்ந்தால் அது உங்கள் சொத்து, விட்டுவிடாதீர்கள்.

கே: எவ்வளவு பலமாக அடித்தாலும் தூரம் போவதில்லை. கை வலிதான் மிச்சம்.
– ஆறுகாட்டுத்துறை

ப: உங்கள் கரையிலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். ஆழமில்லாத தண்ணீரில் நின்று வீச்சுவலை வீசுகிறவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதலில் முன்கால் ஊன்றுகிறது. அடுத்து இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள், கடைசியில்தான் கை. வெறும் கை பலத்தில் வீசினால் வலை விரியாமல் சுருண்டு விழும்.

கோல்ஃபிலும் இறங்குவரிசை இதுதான். மட்டை உச்சியை எட்டும் முன்பே எடை இடது காலுக்கு வரத் தொடங்க வேண்டும். இடுப்பு திறக்கும், தோள் தொடரும், கை அதன் பின்னால் வரும், மட்டை எல்லாவற்றுக்கும் கடைசி. நீங்கள் கையை முதலில் அனுப்பிவிடுகிறீர்கள். உடம்பின் பெரிய தசைகளுக்கு வேலையே இல்லாமல் போகிறது, முழங்கை மட்டும் உழைத்து வலிக்கிறது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு துண்டை மார்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் இரு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு அரை ஸ்விங் போடுங்கள். துண்டு விழாமல் இருந்தால் கையும் உடம்பும் சேர்ந்து திரும்புகின்றன. விழுந்தால் கை தனியாகக் கிளம்பிவிட்டது.

கே: நான் மிருதங்கம் பயில்கிறேன். ஸ்விங்கில் தாளம் முக்கியம் என்கிறார்களே, என்ன தாளம்?
– திருவையாறு

ப: கேட்க வேண்டிய ஊரிலிருந்து வந்திருக்கிறது கேள்வி! ஜான் நோவோசெல் என்ற அமெரிக்கர் முன்னணி வீரர்களின் ஸ்விங்கை வீடியோவில் ஒவ்வொரு சட்டமாக எண்ணிப் பார்த்து, 2004-ல் ஒரு புத்தகமாக எழுதினார். வேகமாக ஆடுபவரும் நிதானமாக ஆடுபவரும் ஒரு விகிதத்தில் ஒத்துப்போனார்கள். மட்டை மேலே போக மூன்று பங்கு நேரம், இறங்கிப் பந்தைத் தொட ஒரு பங்கு நேரம்.

உங்களுக்கு இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ‘தகதிமி’ போதும். ‘த’வில் மட்டை கிளம்பட்டும், ‘மி’யில் உச்சியை எட்டட்டும், அடுத்த ‘த’ பந்தின் மேல் விழட்டும். மூன்றுக்கு ஒன்று தானாக அமைந்துவிடும். காலப்பிரமாணம் உங்கள் விருப்பம். ஆனால் முதல் துளைக்கு வைத்த காலம் பதினெட்டாம் துளை வரை ஓடக் கூடாது, இழுக்கவும் கூடாது. சின்ன அடிக்கும் பெரிய அடிக்கும் அதே காலம். மிருதங்கக்காரருக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

கே: பந்துக்கு முன்னால் தரையைக் குத்திவிடுகிறேன். சில சமயம் பந்தின் தலையைத் தட்டிவிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டா?
– கோடியக்கரை

ப: உண்டு. கடற்கரையிலேயே இருக்கிறது. அலை வந்து திரும்பிய ஈரமணலில் ஒரு கோடு கிழியுங்கள். பந்து வேண்டாம். கோடு இரு பாதங்களுக்கும் நடுவில் வரும்படி நின்று செவன் அயர்ன் மட்டையால் சுழற்றுங்கள். மணலில் விழும் தழும்பைக் குனிந்து பாருங்கள்.

தழும்பு கோட்டில் தொடங்கி இலக்கு இருக்கும் பக்கமாக நீண்டிருந்தால் ஸ்விங் சரி. அந்தக் கோட்டில் பந்து இருந்திருந்தால் முதலில் பந்து, பிறகு தரை என்று சுத்தமாக அடித்திருப்பீர்கள். தழும்பு கோட்டுக்கு முன்னாடியே தொடங்கியிருந்தால் எடை வலது காலிலேயே தங்கிவிட்டது. தழும்பே விழாவிட்டால் பந்தைத் தூக்கிவிடும் ஆசையில் உடம்பு எழும்புகிறது. பந்தை மேலே ஏற்ற மட்டையின் சாய்வே போதும். நீங்கள் தூக்க வேண்டாம்.

தழும்பு ஒரே இடத்தில் தொடங்கும் வரை பந்தைத் தொடாதீர்கள். ஈரமணல் பொய் சொல்லாது. வீட்டுக்குப் போனதும் மட்டையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள், உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும்.

கே: கோடியக்கரைக் காட்டை ஒட்டிய வெட்டவெளியில் பந்தடித்துப் பழகலாமா? ஆளே இல்லாத இடம்.
– தோப்புத்துறை

ப: கூடாது. ஆள் இல்லை என்றாலும் அங்கே குடியிருப்பவர்கள் உண்டு. 1967-லிருந்து அது வனவிலங்குச் சரணாலயம். வெளிமான் மேயும் புல்வெளி, பூநாரை இறங்கும் சதுப்பு. 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். கோல்ஃப் பந்து 46 கிராம் எடையுள்ள கெட்டியான உருண்டை, வேகமாகப் போய் மானின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தொலைந்த பந்தும் மக்காது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேற்றில் கிடக்கும்.

மணல் பயிற்சிக்கும் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். ஊருக்குப் பொதுவான கடற்கரையில், அலை வந்து அழிக்கும் ஈரப்பகுதியில் மட்டும் செய்யுங்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமை கரையேறி, அலை எட்டாத மேட்டு மணலில் முட்டையிடும். அந்த மணலைக் கிளறும் உரிமை நமக்கு இல்லை. இருட்டிய பிறகு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கே: யூடியூபில் ஒருவர் இடது கையை நீட்டச் சொல்கிறார், இன்னொருவர் தளர்த்தச் சொல்கிறார். யாரைக் கேட்பது?
– திருத்துறைப்பூண்டி

ப: இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம், வேறு வேறு ஆட்களுக்கு. உங்களைப் பார்க்காமல் சொன்ன வைத்தியம் அது. கைபேசியை இடுப்பு உயரத்தில் வைத்து உங்கள் ஸ்விங்கை எதிரிலிருந்து ஒரு முறை, பந்து போகும் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு முறை படமெடுங்கள். கண்ணில் படும் பெரிய பிழை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது தீரும் வரை அடுத்த வீடியோ பார்க்காதீர்கள்.

கே: ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக முந்நூறு பந்து அடிக்கிறேன். முன்னேற்றமே இல்லை.
– மன்னார்குடி

ப: கடைசி இருநூறைக் களைத்த உடம்பால் அடிக்கிறீர்கள். களைத்த உடம்பு எதைச் செய்கிறதோ அதைத்தான் மனசு பழக்கமாக எழுதிக்கொள்ளும். தினம் இருபது நிமிடம், பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமைக் கூத்தைவிடப் பலன் தரும்.

அடுத்தது, ஒரே மட்டையால் ஒரே இலக்குக்கு வரிசையாக அடிப்பதை நிறுத்துங்கள். 1979-ல் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கை அசைவுகளைக் கற்பதைச் சோதித்தார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள். அசைவுகளை மாற்றி மாற்றிப் பழகியவர்கள் அப்போது தடுமாறினாலும், பிறகு சோதித்தபோது நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். மைதானத்தில் ஒரே அடியை இரண்டு முறை அடிக்க யாரும் விடுவதில்லை. பயிற்சியும் அப்படியே இருக்கட்டும். டிரைவரில் ஒன்று, செவன் அயர்னில் ஒன்று, கிட்டத்து அடி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் புதிதாக நின்று, புதிதாகக் குறி பாருங்கள்.

கே: பந்து எப்போதும் வலது பக்கம் வளைகிறது. அதனால் இடது பக்கமாகக் குறி வைக்கிறேன். இன்னும் அதிகமாக வளைகிறது!
– நாகப்பட்டினம்

ப: வளையத்தான் செய்யும். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகம் தீர்மானிக்கிறது. முகம் ஒரு திசையையும் மட்டை போகும் பாதை வேறு திசையையும் பார்த்தால் பந்து சுழன்று வளைகிறது. நீங்கள் இடது பக்கமாகத் திரும்பி நின்றால் பாதை இன்னும் இடதுபக்கம் போகும், முகம் மட்டும் இலக்கையே பார்க்கும். இடைவெளி பெருகும், வளைவும் பெருகும்.

முதலில் தோளை நேராக்குங்கள். இரண்டு கைகளையும் மட்டையில் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். பலருக்கு இந்த இரண்டிலேயே நோய் பாதி குறைந்துவிடும்.

கே: எங்கள் ஊரில் காற்று ஓய்வதே இல்லை. காற்றில் ஸ்விங்கை எப்படி மாற்றுவது?
– கோடியக்கரை

ப: சோழமண்டலக் கரை மேற்கே திரும்பும் முனையில் இருக்கிறீர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று எல்லாக் காற்றும் உங்கள் வாசலுக்கு வரும். காற்றில் ஆடப் பழகியவனுக்கு எந்த மைதானமும் பயமில்லை.

ஸ்விங்கை மாற்றாதீர்கள், மட்டையை மாற்றுங்கள். எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பந்து பின்சுழற்சி எடுத்து மேலே ஏறும், காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடும். செவன் அயர்ன் இடத்தில் சிக்ஸ் அல்லது ஃபைவ் எடுங்கள். பிடியை ஒரு விரலளவு கீழே இறக்குங்கள். பந்தை வலது காலை நோக்கிச் சற்றே நகர்த்தி முக்கால் ஸ்விங் போடுங்கள். பந்து தாழ்ந்து போகும். காலம் அதே தகதிமி.

கே: ஊட்டியில் ஆடினேன். எல்லா அடியும் கூடுதல் தூரம் போனது. ஸ்விங் திருந்திவிட்டதா?
– கும்பகோணம்

ப: ஸ்விங் அதேதான், காற்றுதான் வேறு! உதகை ஜிம்கானா மைதானம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்து எட்டிலிருந்து பத்து சதவீதம் வரை கூடுதலாகப் பறக்கலாம். 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பிலும் இதே கதைதான். சமவெளிக்கு இறங்கியதும் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுங்கள். கும்பகோணத்துக் காற்றிடம் உதகைத் தூரத்தைக் கேட்டு வலுக்கட்டாயமாக அடிக்கத் தொடங்கினால் இருக்கிற ஸ்விங்கும் போய்விடும்.

கே: கிரிக்கெட்டில் நன்றாக அடிப்பேன். கோல்ஃப் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? பந்து அசையக்கூட இல்லையே!
– தஞ்சாவூர்

ப: அசையாததுதான் கஷ்டம். ஓடிவரும் பந்துக்கு யோசிக்க நேரமில்லை, உடம்பு தானாக வேலை செய்கிறது. நிற்கும் பந்துக்கு முன்னால் யோசிக்க நிறைய நேரம், குழம்பவும் நிறைய நேரம். இன்னொன்று, முன்காலை எடுத்துவைத்துப் பந்தை நோக்கிப் போவது கிரிக்கெட் பழக்கம். கோல்ஃபில் தலை முன்னே போனால் மட்டை தரைதொடும் இடமும் கூடவே நகர்ந்துவிடும். நின்ற இடத்தில் திரும்புங்கள். கிரிக்கெட்டிலிருந்து வந்தவர் தேற மாட்டார் என்ற பயம் வேண்டாம். கபில்தேவ் தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர், 2024-ல் இந்திய தொழில்முறை கோல்ஃப் அமைப்பின் தலைவராகவும் ஆனார்.

கே: பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். அறுபது வயதில் நிலையான ஸ்விங் வருமா?
– முத்துப்பேட்டை

ப: வரும், சார். 2009 பிரிட்டிஷ் ஓப்பனில் டாம் வாட்சன் 59 வயதில் கடைசித் துளை வரை முன்னிலையில் இருந்து, பிளே-ஆஃபில்தான் தோற்றார். இடுப்பு முன்போல் திரும்பவில்லை என்றால் மேலே போகும்போது இடது குதிகாலைக் கொஞ்சம் எழும்ப விடுங்கள். நிக்லஸும் அப்படித்தான் ஆடினார். பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சுழற்றிப் பழகுங்கள். நிலை தடுமாறினால் வேகம் அதிகம் என்று பொருள். உங்களுக்கேற்ற வேகத்தை உங்கள் கால்களே சொல்லிவிடும்.

கே: என் ஒன்பது வயது மகளுக்கு இடது கைப் பழக்கம். வலது கைக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், வேதாரண்யம்

ப: வேண்டாம், அம்மா. ஹரியானாவின் தீக்ஷா டாகர் இடது கையால்தான் ஆடுகிறார். பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். 2019-ல் தென்னாப்பிரிக்க மகளிர் ஓப்பனை வென்றார், செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். குழந்தைக்கு அவள் உயரத்துக்கேற்ற, எடை குறைந்த இடது கை மட்டை வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களின் மட்டையை அறுத்துக் கொடுத்தால் பாரம் அவள் ஸ்விங்கைக் கெடுத்துவிடும்.

கே: இது பணக்காரர் விளையாட்டு. மீனவர் வீட்டுப் பையனுக்கு எதற்கு?
– கோடியக்கரை

ப: செலவு அதிகம் என்பது உண்மை, மறைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் நல்ல மைதானம் வேண்டுமென்றால் சென்னை நந்தனம், கோவை, உதகை, கொடைக்கானல் என்று போக வேண்டும், உள்ளே நுழைவதும் எளிதல்ல. ஆனால் இந்தியன் ஓப்பனை 1991-லும் 1993-லும் வென்ற அலி ஷேர், டெல்லி மைதானத்தில் அடுத்தவர் மட்டைப் பையைச் சுமந்தவர். 2009-ல் வென்ற பெங்களூரு சி. முனியப்பாவும் அப்படி வந்தவரே. இவர்களுக்குப் பயிற்சியாளர் வைக்கப் பணம் இருக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்களை நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பார்த்ததை உடம்பில் ஏற்றினார்கள். மைதானங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு காலையாவது திறந்தால் நமக்கு இன்னும் பல முனியப்பாக்கள் கிடைப்பார்கள். கிளப் நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

கே: பயிற்சியில் புலி, போட்டியில் எலி. என்ன செய்ய?
– காரைக்கால்

ப: ஒவ்வோர் அடிக்கும் முன் ஒரே சடங்கு வைத்துக்கொள்ளுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பாருங்கள். அந்தக் கோட்டில், பந்துக்கு ஓர் அடி முன்னால், ஒரு காய்ந்த புல்லையோ சிறு கல்லையோ குறித்துக்கொள்ளுங்கள். நிக்லஸ் கையாண்ட முறை இது. தொலைவில் உள்ள கொடியைவிட அருகில் உள்ள புல்லைப் பார்த்து மட்டையை நேராக்குவது சுலபம். ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். பிறகு தாமதிக்காமல் அடியுங்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக்கைப் பார்த்தீர்களா? நெடுந்தூரம் அடிப்பவர்களில் ஒருவர் அல்ல அவர். அன்று அவருக்குப் பை சுமந்தவர் அவருடைய அம்மா. நான்கு நாளும் அவசரமே இல்லாத அதே நடை, பச்சைத் தரையில் அதே நிதானம். ஒரே ஓர் அடியில் பதக்கம் போய் நான்காம் இடம் கிடைத்தது. நாடே விடிகாலையில் எழுந்து கோல்ஃப் பார்க்கக் காரணம் அந்த நிதானம்தான்.

கே: நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஒரு மாதத்துக்குப் பாடத்திட்டம் கொடுங்களேன்.
– மன்னார்குடி

ப: முதல் வாரம் பிடியும் நிற்பதும் மட்டும், பந்து கிடையாது. இரண்டாம் வாரம் மணலில் கோடு, அக்குளில் துண்டு, அரை ஸ்விங். மூன்றாம் வாரம் தகதிமி சொல்லி முழு ஸ்விங். முடிந்ததும் இடது காலில் நின்றபடி, மார்பு இலக்கைப் பார்க்க, மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். நான்காம் வாரம் பந்து. மட்டையை மாற்றி, இலக்கை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் முழுச் சடங்கோடு.

ஐந்தாம் வாரம்? மறுபடியும் முதல் வாரப் பாடம்தான். பெரிய வீரர்களும் சீசன் தொடக்கத்தில் பிடியிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள்.